அரிவாள் தீட்டிய பாறை

என் அத்தையிடம் யாரும் எளிதில் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. பக்கத்து வீட்டுக்காரி மூச்சு வாங்க ஓடி வந்து, "சங்கதி தெரியுமா மதினி? பெரிய வாய்க்கால்ல முதலை கெடக்காம்" என்று சொன்னால், அத்தை கூரைக்குத் தென்னங்கிடுகு முடைகிற கையை நிறுத்தாமல் கேட்பார்:

"கண்டதா, கேட்டதா?"

"ஊரே சொல்லுது மதினி."

"ஊரு சொன்னா கேட்டது. நீ பாத்தியா?"

"நான் பாக்கலை. எங்க கொழுந்தனாரு பாத்தாக."

"அவுகள வரச் சொல்லு."

கொழுந்தனார் வருவார். அவரும் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு மாடு மேய்க்கிறவர் ஒருவர் சொல்லியிருப்பார். அத்தை கிடுகை ஓரமாக வைத்துவிட்டு மாட்டுக்காரரைத் தேடிக்கொண்டு வாய்க்கால் கரைக்கே போவார். கிடந்தது பாசி பிடித்த பனந்துண்டு என்று தெரியும்போது ஊரில் ஒருவருக்கும் சந்தோஷம் இருக்காது. இரண்டு நாளாக முதலையோடு குதூகலமாக இருந்தவர்களிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது போல் ஆகிவிடும்.

"முதலையாவே இருந்துட்டுப் போகட்டும், உங்களுக்கு என்ன மதினி நட்டம்?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

"முதலைன்னு சொன்னா நாளைக்கு எவளும் அங்கன துணி தொவைக்கப் போகமாட்டா. பனந்துண்டுன்னு சொன்னா அதுமேலயே தொவைப்பா" என்றார் அத்தை.

எங்கள் ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, ரோட்டை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கினால் வரும். வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள், நாற்பது வீடு. ஓடு போட்ட சிறிய கோவில். சாமியார் மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் செபம் சொல்வார், சுவிசேஷம் வாசிப்பார், கல்யாண ஓலையும் வாசிப்பார். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் இன்னும் என் சொந்தக்காரர்கள்.

அத்தை நெட்டையானவர். பாம்படம் போட்டு வளர்த்த காது. பாம்படத்தைக் கழற்றி வெகுகாலம் ஆகியும் காது மட்டும் தோள்வரை தொங்கும். கோபத்தில் தலையை ஆட்டினால் காதுகளும் சேர்ந்து ஆடும். இளவயதிலேயே புருஷனை இழந்து, மதுரையில் கன்னியாஸ்திரீகள் மடமொன்றில் பன்னிரண்டு வருஷம் சமையல் செய்தார். அங்கேதான் எழுத்துக் கற்றார். ஊருக்குத் திரும்பும்போது அவர் கொண்டுவந்த சொத்து அட்டை பிய்ந்த சுவிசேஷப் புத்தகம் ஒன்று. அதற்குப் பிறகு கதிர் அறுக்கப் போனார், களை எடுக்கப் போனார், கிடுகு முடைந்தார். ஏலத்தோட்டத்துக்குப் போன என் அப்பா மலைக்காய்ச்சலில் இறந்து, அதே வருஷம் அம்மாவும் போனபின் என்னை வளர்த்தவர் இவர்தான். அப்பாவுக்கு அக்கா.

பாசமாக வளர்த்தார். ஆனால் அவரோடு கோவிலுக்குப் போவது எனக்குப் பெரிய தண்டனை. நான் நாலு பேர் பார்த்தாலே முந்தானையைப் பிடித்துத் திருகுகிறவள். அவரோ பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நிற்கிறவர்.

கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களை வைக்கும்போதெல்லாம் ஒரு சச்சரவு வரும். "மூணு பேருன்னு எதுல இருக்கு? ராசான்னு எதுல இருக்கு? கெழக்கேயிருந்து சாஸ்திரிமாரு வந்தாகன்னு மட்டுந்தான் இருக்கு. எத்தன பேருன்னு எழுதலை" என்பார். "மூணு காணிக்கை கொடுத்தாகல்ல மதினி?" என்று உபதேசியார் சொன்னால், "உங்க மக கல்யாணத்துக்கு நான் ஒருத்தி மூணு பாத்திரம் எடுத்துட்டு வந்தேன். மூணு பேராவா வந்தேன்?" என்பார். குடிலைச் சுற்றி நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன்.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து குதிரை விஷயம். உபதேசியார் சின்னப்பர் நாடகம் ஒன்று எழுதினார். சபையைத் துன்புறுத்திய சவுல், தமஸ்கு பட்டணத்து வழியில் பேரொளி கண்டு குதிரையிலிருந்து விழுந்து மனந்திரும்பி, அப்போஸ்தலர் சின்னப்பராக ஆகிற கதை. அதற்காக உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவரிடமிருந்து கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் மட்டக்குதிரையைக் கேட்டு வாங்கி வந்தார்கள். ராவுத்தரும் குதிரையோடு வந்துவிட்டார். சாயங்கால வெயிலில் கோவில் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. சவுல் வேஷக்காரர் குதிரைமேல் ஏறி உட்கார்ந்து வசனத்தைத் தொடங்கினார். அத்தை எழுந்து நின்றார்.

"குதிரை எதுல இருக்கு?"

உபதேசியார் கையெடுத்துக் கும்பிட்டார். "மதினி, இன்னைக்கு மட்டும் வேணாம். படத்துலயெல்லாம் குதிரை இருக்குல்ல?"

"படம் போட்டவன் பாத்தானா? அப்போஸ்தலர் நடபடியில தரையில விழுந்தாருன்னுதான் இருக்கு. கண்ணு தெரியாமப் போனதும் கூட வந்தவுக கையப் பிடிச்சு ஊருக்குள்ள கூட்டிட்டுப் போனாகளாம். குதிரை இருந்தா கையப் பிடிப்பாகளா? தூக்கிக் குதிரைமேல போட்டுக் கொண்டுபோயிருக்க மாட்டாக?"

கூட்டம் யோசித்தது. அதுதான் கெட்டுப்போனது. யோசிக்க ஆரம்பித்த கூட்டத்தின் முன்னால் நாடகம் எடுபடாது. சவுல் குதிரையிலிருந்து இறங்கி நின்றார். ராவுத்தர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். "ஏம்மா, எங்க குதிரைய வேதத்த விட்டே எறக்கிப்புட்டியே! இனி இதுக்குக் கொள்ளு யாரு வைப்பா?" என்றார். அத்தை சிரித்துவிட்டார். "வேதத்துல எடமில்லண்ணே, எங்க வீட்டுல இருக்கு. ஓட்டிட்டு வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய், குதிரைக்கு ஊறவைத்த கொள்ளும் ராவுத்தருக்கு மோரும் கொடுத்து அனுப்பினார்.

இதையெல்லாம் வைத்து அவருக்குப் பக்தி இல்லை என்று ஊரில் சொல்கிறவர்கள் உண்டு. தினமும் விடியலில் முழங்காலில் இருந்து அவர் செபம் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை தவறாது. சுவிசேஷக்காரர்களில் லூக்காஸ்தான் அவருக்குப் பிடித்தமானவர். "இந்த மனுசன் நேர்மையானவரு. நான் கூட இருந்து பாத்தேன்னு சொல்லலை. பாத்தவுக சொன்னதை நல்லா விசாரிச்சு எழுதுறேன்னு மொதல்லயே சொல்லிட்டாரு. அப்படிச் சொன்னதாலதான் மிச்சத்தையும் நம்புறேன்" என்பார்.

பாறை விஷயம் வந்தபோது எனக்கு இருபது வயது.

ஆற்றோரம் புறம்போக்கில், புளியமரத்தடியில் ஒரு தட்டைப் பாறை. அதில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு பள்ளம், வழுவழுவென்று. அதன் ஒரு முனையில் ஐந்து சிறு குழிகள். அறுப்புக்கு வரும் கூட்டம் வயலில் இறங்குவதற்கு முன் அங்கே உட்கார்ந்துதான் அரிவாள் தீட்டும். தலைமுறை தலைமுறையாகத் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம் அது. ஐந்து குழிகளும் அத்தையின் காலத்தில் வந்தவை. அம்மி கொத்துகிறவர் ஒருவர் அந்த வழியாக வந்தபோது, பல்லாங்குழி ஆடப் பாறையிலேயே பதினாலு குழி வெட்டித் தரச்சொல்லி அறுப்புக்காரப் பெண்கள் கேட்டார்களாம். ஒரு சட்டிக் கேப்பைக்களி கொடுத்தார்களாம். அவர் களியைத் தின்றுகொண்டே கொத்தினார். ஐந்தாவது குழியில் களி தீர்ந்தது. "இம்புட்டுக் களிக்கு இம்புட்டுக் குழிதான்" என்று உளியை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். களி கிண்டிக் கொடுத்தவர் அத்தை.

ஒரு நாள் மலையாளத்து ஏல வியாபாரி ஒருவர், தோமையாரின் வழிவந்த சிரியன் வேதக்காரர், கம்பத்துக்குப் போகிற வழியில் அந்தப் புளியமரத்தடியில் இளைப்பாறினார். பாறையைப் பார்த்து, ஒரு பெரிய காலடியைப் போல இருக்கிறதே என்றார். அவ்வளவுதான் சொன்னார். அத்தை பக்கத்து வயலில்தான் இருந்தார். வியாபாரி சிரித்துக்கொண்டு சொன்னதையும், வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டி ஏறியதையும் பார்த்தார்.

காலடி என்ற பேச்சு உபதேசியார் காதுக்குப் போனது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது சேசுநாதரின் சீடர் அர்ச். தோமையாரின் காலடி ஆகிவிட்டது. மலையாளக் கரையில் இறங்கிய அப்போஸ்தலர், மலையைக் கடந்து குமுளி வழியாக நம் பள்ளத்தாக்கில் நடந்து, அந்தப் பாறையில் நின்று போதித்தார். அவர் பாதம் பட்ட இடம் மெழுகாகக் குழைந்தது. பெண்கள் மெழுகுவர்த்தி கொண்டுபோனார்கள். அந்தப் பாறையில் அரிவாள் தீட்டியவர்கள் அந்த ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மாதத்தில் அவர்களுக்கு மறந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அதை அற்புதம் என்று ஏற்கவேண்டியவர் மேற்றிராணியார், அதாவது பிஷப். சாமியார் நிதானமானவர். "நான் காணாததை மேற்றிராணியாருக்கு எழுத முடியாது. ஊரார் சாட்சியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல்யாண ஓலையைப் போல மூன்று ஞாயிறு கோவிலில் வாசியுங்கள். தடை சொல்பவர் யாரும் இல்லையென்றால் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று வாசிப்பார்கள். அந்த மூன்று ஞாயிறுகளில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலை என்னுடையது. மாப்பிள்ளை கூடலூர்க்காரர், கம்பத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர். தபசு காலம் தொடங்குவதற்கு முன் கல்யாணம் நடந்தாக வேண்டும். தொடங்கிவிட்டால் பாஸ்கு வரை, அதாவது ஈஸ்டர் வரை, கோவிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையின் தகப்பனார் படுக்கையில் இருந்தார். பாஸ்கு வரை காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்ப்போம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள்.

முதல் ஞாயிறு உபதேசியார் என் ஓலையை வாசித்தார். தடை இல்லை. அடுத்து பாறைச் சாட்சியை வாசித்தார். "எங்கள் முன்னோர் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்று தொடங்கியது. அத்தை எழுந்தார்.

"தடை இருக்கு. எந்த முன்னோரு சொன்னாக? எங்க அப்பனும் ஆத்தாளும் இந்த ஊருதான். அவுக அங்கன அருவா தீட்டினாக. நானும் தீட்டினேன்."

உபதேசியார் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்பவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மதினி, நமக்குன்னு இங்க என்ன இருக்கு? சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தேரு இருக்கு, திருநா இருக்கு. நம்ம புள்ளைக வெளிய போனா வெள்ளைக்காரன் வேதம், வெள்ளைக்காரன் வேதம்னு பேச்சு வாங்கிட்டு வருதுக. தோமையாரு இங்கன நடந்தாருன்னா நம்ம வேதம் வெள்ளைக்காரனுக்கு ஆயிரத்தைந்நூறு வருசம் முந்தினது. அந்த ஒரு சொல்லு நமக்கு வேணாமா?"

அத்தை கிடுகைக் கீழே வைத்தார். அவர் கிடுகைக் கீழே வைப்பது அபூர்வம்.

"வேணும். வெள்ளைக்காரன் கப்பல்ல வர்றதுக்கு ரொம்ப முந்தியே மலையாளத்துல வேதக்காரவுக இருந்தாக. படிச்சவுகளே ஒத்துக்கிட்ட சங்கதி அது. அதைச் சொல்லுங்க, நெஞ்ச நிமித்திச் சொல்லுங்க, நானும் கூட வந்து சொல்றேன். தோமையாரே அங்க வந்தாரான்னா, வந்தாருன்னு அவுக பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து சொல்றாக. எனக்குத் தெரியாது. இல்லைன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா இந்தப் பாறை எனக்குத் தெரியும். நெசத்துக்குப் பக்கத்துல ஒரு பொய்ய நட்டீகன்னா, நாளைக்குப் பொய்யப் புடுங்குறவன் நெசத்தையும் சேத்துல்ல புடுங்குவான்?"

உபதேசியார் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "தடை சொல்றது உங்களுக்கு மட்டும் வர்ற வித்தை இல்ல மதினி. இந்தப் புள்ள ஓலைக்கும் தடை சொல்ல ஆளு கெளம்பலாம். மாப்பிள்ளையோட அம்மாவும் இவ அம்மாவும் கிட்டின சொந்தம்னு ஒரு பேச்சு இருக்கு. விசாரிக்கணும்னு சாமியாரு சொன்னா, தபசு காலம் தாண்டிரும்."

கிட்டின இரத்த உறவுக்குள் கல்யாணம் முடிக்கக் கோவில் சட்டம் விடாது. அவர் சொன்னது பொய். இரண்டு குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பொய்யை விசாரிக்கவும் நாள் ஆகுமே.

இரண்டாவது ஞாயிறும் அத்தை எழுந்து தடை சொன்னார். என் ஓலையை உபதேசியார் வாசிக்கவே இல்லை. "விசாரணையில் இருக்கிறது" என்றார். கோவிலில் இருந்த எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். அத்தையிடம் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். "என் வாழ்க்கைய விட அந்தப் பாறை பெருசா உங்களுக்கு? ஊரே சொல்லட்டும், போகட்டுமே! தோமையாரு வந்தா என்ன, வராட்டி என்ன? எனக்கு ஒரு கல்யாணம் நடக்கக் கூடாதா?"

அத்தை உலையில் அரிசியைப் போட்டார். கொதி வந்தபின்தான் பேசினார்.

"உனக்கு நடக்கணும் ஆத்தா. அதுக்கு என்ன செய்யணும்னு உனக்குத் தோணுதோ, செய்யி. நான் கோவிக்க மாட்டேன். நான் சும்மா இருக்கணும்னு மட்டும் கேக்காத. அது என்னால முடியாது. முடிஞ்சா உனக்காக இருந்திருப்பேன்."

சனிக்கிழமை நான் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் அவர்களுக்கு என் கையெழுத்து உபயோகமாக இருந்தது. "முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்" என்ற வாக்கியத்தின் கீழே, இருபதுக்கு மேல் கைநாட்டுகளுக்கு அடியில், நல்ல உருண்டை எழுத்தில் என் பெயரை எழுதினேன். உபதேசியார் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். சாமியாரிடம் பேசி, விட்டுப்போன ஓலைக்கு விலக்கு வாங்கித் தருவதாகச் சொன்னார். அப்படியே வாங்கியும் தந்தார்.

மூன்றாவது ஞாயிறு முதலில் என் ஓலை வாசிக்கப்பட்டது. தடை இல்லை. பிறகு சாட்சியை வாசித்தார். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். கடைசிப் பெயர் என்னுடையது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் சேலை சரசரத்தது.

"தடை இருக்கு."

"உங்க வீட்டுப் பொண்ணே கையெழுத்துப் போட்டுட்டா, இன்னும் என்னத்த தடை?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். "ஏ கெழவி, உக்காரு!" என்று இன்னொரு குரல். "தோமையாரையே நம்பாதவ பூசைக்கு எதுக்கு வாரா?"

அத்தை அந்தக் கடைசிக் குரல் வந்த பக்கம் திரும்பினார். காதுகள் ஆடின.

"தொட்டுப் பாக்காம நம்பமாட்டேன்னு சொன்னவரு யாரு? தோமையாருதான். சேசுநாதரு அவரக் கோவிலை விட்டு வெளிய போன்னா சொன்னாரு? இங்கன வா, உன் கைய நீட்டுன்னாரு. அந்த மனுசன் பேரச் சொல்லி என்னைய வாய மூடிட்டு நம்பச் சொல்றீகளா? அவருக்கே அடுக்குமா இது?"

உபதேசியார் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "உங்க மருமக கையெழுத்து…" என்றார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் செத்திருப்பேன்.

"அவ கேட்டதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கா. நீங்க சொல்லி அவ கேட்டா, அதுல பொய் இல்ல. நான் கண்டதச் சொல்றேன். ரெண்டையும் எழுதிக்கிருங்க. மேற்றிராணியாரு படிச்சவுக, அவுக பாத்துக்குவாக."

எழுதவில்லை. அந்த வீட்டிலிருந்தே ஒரு கையெழுத்து வந்துவிட்டதால் கிழவியின் தடை தடையே அல்ல என்று தீர்மானித்தார்கள். "தடை சொன்னவர் இல்லை" என்று எழுதி, காகிதம் போய்விட்டது. அப்படித் தீர்மானிக்க இடம் கொடுத்தது என் உருண்டை எழுத்து.

தபசு காலத்துக்கு முந்தின வாரம் என் கல்யாணம் நடந்தது. அத்தையே சமைத்தார். கையெழுத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு இருந்த பதினோரு வருஷமும் பேசவில்லை. ஊரில் அவரிடம் கிடுகு வாங்குவதை நிறுத்தினார்கள். அவர் உத்தமபாளையத்துக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றார். கோவிலில் பெண்கள் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் வசதியாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்.

அறுப்புக் காலம் வந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே பாறைக்குப் போவார். அப்போஸ்தலரின் குதிகாலில், எரியும் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே, தண்ணீர் தெளித்து, சாவகாசமாக அரிவாள் தீட்டுவார். கும்பிட வந்தவர்கள் பதறுவார்கள்.

"ஐயையோ, தோமையாரு கோவிச்சுக்குவாரு!"

"கோவிச்சா வந்து சொல்லட்டும். வந்தாருன்னு நானே மொத சாட்சி சொல்றேன்."

மூன்றாவது வருஷம் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வேலிக்குள் கையை விட்டு எட்டும் இடத்தில் தீட்டினார். நான் கல்யாணமாகி, தேனிப் பக்கம் அல்லிநகரத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லி என்னிடம் முறையிடுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு தடவைகூட, அத்தை சொல்வதுதான் சரி என்று சொன்னதில்லை.

அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து, போன வருஷம்தான் பாறைத் திருநாளுக்குப் போனேன். பாறைமேல் ஒரு மண்டபம் எழும்பிவிட்டது. பலூன்காரர், வளையல்காரர், கரும்புச்சாறு எல்லாம் இருந்தது. அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தலவரலாறு. படித்தேன். இந்த ஊரில் பக்தியுள்ள ஒரு விதவை இருந்தாளாம். அறியாமையால் அந்தப் பாறையில் அரிவாள் தீட்டினாளாம். அரிவாள் இரண்டாக ஒடிந்ததாம். அன்று தோமையார் அவள் கனவில் வந்து, "மகளே, அது என் பாதம்" என்றாராம். அவள் அழுது மனம் வருந்தி ஊராரிடம் சொல்ல, அதன்பின்தான் உலகத்துக்குத் தெரிந்ததாம்.

பழைய உபதேசியார் இறந்துவிட்டார். புதியவர் இளைஞர். நான் அந்த விதவையின் மருமகள் என்று யாரோ சொல்ல, ஓடி வந்தார். "அம்மா, நீங்க மேடையில ரெண்டு வார்த்த பேசணும். அவுகளோட இருந்தவுக நீங்க. அந்தக் கனவ உங்க வாயால சனங்க கேக்கணும்."

வேண்டாம் என்றேன். கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். முன்னால் நூறு பேர் இருப்பார்கள். வெயில் கண்ணில் அடித்தது. என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. உரக்கப் பேசியதே இல்லை.

"எங்க அத்தை கனவு எதுவும் காணலை. கல்யாணம் ஆகுற வரைக்கும் பக்கத்துலதான் படுத்திருந்தேன், கண்டிருந்தா காலையில சொல்லியிருப்பாக. அவுக அருவா ஒடியலை. அது எங்க வீட்டுல இருக்கு. அவுக அழவும் இல்ல. இது அருவா தீட்டுற பாறை. அந்த அஞ்சு குழியும் பல்லாங்குழி ஆட வெட்டினது, களி கொடுத்தது எங்க அத்தை. மூணு ஞாயித்துக்கெழம கோவில்ல எந்திரிச்சு நின்னு இதைச் சொன்னாக. ஒருத்தரும் எழுதலை. முன்னோரு சொல்லக் கேட்டோம்னு அனுப்பின காயிதத்துல என் கையெழுத்து இருக்கு. எனக்கு எந்த முன்னோரும் சொல்லலை. எனக்குக் கல்யாணம் ஆகணும்னு போட்டேன். அவ்வளவுதான்."

இறங்கிவிட்டேன். யாரோ சிரித்தார்கள். ஒரு கிழவர் "அது நெசந்தான், நானும் தீட்டியிருக்கேன்" என்று முனகினார். பக்கத்திலிருந்தவர் அவரை இடித்தார். பிறகு மேளக்காரர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

இந்த வருஷத்து நோட்டீஸ் போன வாரம் தபாலில் வந்தது. அத்தையின் கனவை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொன்று இருக்கிறது. சென்ற திருநாளில், பிறந்தது முதல் பேச நாணிய ஒரு பெண்மணி, பரிசுத்த பாதத்தைத் தொட்ட மாத்திரத்தில் நாவின் கட்டு அவிழ்ந்து, ஆயிரம் பேர் முன்னிலையில் தோமையாரின் மகிமையை உரத்த குரலில் சாட்சி சொன்ன அற்புதம்.

என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன்னையும் சேத்துட்டாகளா!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அந்தக் கல்லைத் தொடவில்லை. ஆயிரம் பேரும் இல்லை. என் நாவில் எந்தக் கட்டும் இருந்ததில்லை. கூச்சம் இருந்தது, அது இன்னும் இருக்கிறது. அன்று மேடையில் என்னைப் பேசவைத்தது கோபம். அத்தையைப் பற்றி அவர்கள் அச்சடித்த பொய்யைப் பார்த்து வந்த கோபம்.

திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மேடையில் ஏற்றமாட்டார்கள் என்று தெரியும். கரும்புச்சாறு கடைக்குப் பக்கத்தில் நிழல் இருக்கிறது, ஆள் நடமாட்டமும் இருக்கிறது. அங்கே நின்று சொல்வேன்.